கொங்கு நாட்டுச் சிறுதொழிலும் அரசு விதிகளும்: முகவரி, ஆள் கணக்கு, குதிரைத்திறன் மூன்றையும் வைத்து வழி கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லடம் பக்கம் தறி போட்டிருப்பவர், கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துபவர், ஈரோட்டில் மஞ்சள் அரைத்துப் பாக்கெட் போடுபவர் என யாராக இருந்தாலும் புது அரசாணை பற்றிய செய்தி வந்ததும் ஆடிட்டரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதெல்லாம் நமக்குப் பொருந்துமாங்க?" வாட்ஸ்அப்பில் வரும் பதிலில் பாதி பயமுறுத்தல், மீதி அரைகுறை. உண்மையில் எந்த விதி உங்களைத் தொடும், எது தொடாது என்பதை மூன்று விஷயங்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. தொழில் நடக்கும் இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறது? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எத்தனை குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறது? எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன பொருள், என்ன கழிவு என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: முகவரியைச் சரிபாருங்கள்

கேட்க எளிதாக இருக்கும், ஆனால் கொங்குப் பகுதியில் அதிகம் குழம்புவது இங்கேதான். ஊர்கள் வளர்ந்து, நேற்று ஊராட்சியாக இருந்தது இன்று நகராட்சியாகிவிட்டது. கரூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, நாமக்கல் 2024-ல். ஓரத்து ஊர்கள் சேர்க்கப்படும்போது வரி விகிதம், கட்டட அனுமதி, தொழில் உரிமம் மூன்றும் சேர்ந்தே மாறும். வாடகை ரசீதில் பழைய ஊராட்சிப் பெயரே இருக்கும், வீட்டு வரி ரசீதில் புதிய வார்டு எண் இருக்கும். விண்ணப்பத்தில் இரண்டும் மோதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீதை எடுத்து, அதில் உள்ள வரி விதிப்பு எண்ணையும் முகவரியையும் அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு), மின் இணைப்பு அட்டை எல்லாவற்றிலும் ஒரே முகவரி இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் இப்போது பொருந்துவது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ம் அதன் கீழான 2023 விதிகளும். இரண்டும் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் கோவைக்கு ஒரு சட்டம், நகராட்சிகளுக்கு இன்னொன்று என இருந்தது. கடைக்காரருக்கு இதில் நேரடியாகத் தெரிவது தொழில் உரிமமும் சொத்து வரியும்தான். உரிமம் பெரும்பாலும் நிதியாண்டுக் கணக்கில் வருவதால், மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கூட்டம் அலைமோதும். பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிடுவது புத்திசாலித்தனம்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களின் கதை வேறு. மாவு மில், மரம் அறுக்கும் பட்டறை, தேங்காய்க் களம் போன்றவற்றுக்கு ஊராட்சியில் உரிமம் வாங்கும் முறை 1994 ஊராட்சிகள் சட்டத்திலேயே உண்டு. டி அண்ட் ஓ லைசென்ஸ் (ஆபத்தான, தொந்தரவு தரும் தொழில்களுக்கான உரிமம்) என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2025-ல் கிராம ஊராட்சிகளுக்கு விரிவான தொழில் உரிம விதிகள் அறிவிக்கப்பட்டபோது வணிகர்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. டீக்கடைக்கும் தையல் கடைக்கும்கூட லைசென்ஸா என்ற கேள்வி நியாயமானதே. ஆகவே யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்து கட்டணம் கேட்டால், எந்த விதியின் கீழ், எந்தத் தொழில் வகைக்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் அன்றைய நிலையை உறுதி செய்த பின் பணம் கட்டுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

இடம் வாடகை என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, கடை வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்குத் தனி இணையதளம் உண்டு. தோட்டத்துச் சாளையை (தோட்ட வீட்டை) ஒட்டிய ஷெட்டில் தொழில் நடத்துகிறவர்கள், "மாமன் இடம்தானே" என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கடன், மின் இணைப்பு, மானியம் எல்லாமே அந்த ஒப்பந்தத்தைக் கேட்கும். உறவுமுறை வேறு, காகிதம் வேறு.

இரண்டாம் படி: உங்கள் தொழிலின் நிறம் என்ன?

மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எனப் பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளை என்றால் இசைவாணை (வாரியம் தரும் அனுமதி) தேவையில்லை, தெரிவித்தால் போதும். மற்ற மூன்றுக்கும் பொதுவாக இரண்டு கட்டம் உண்டு. ஷெட் கட்டும் முன் நிறுவுவதற்கான இசைவாணை, மெஷின் ஓட்டும் முன் இயக்குவதற்கான இசைவாணை. பலரும் முதலாவதை விட்டுவிட்டு, கட்டி முடித்து, மெஷின் இறக்கிய பிறகு இரண்டாவதற்குப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல். அந்த இடத்தில் அந்தத் தொழிலே கூடாது என்று வந்தால் போட்ட முதல் போச்சு.

இடம் கூடாது என்று வருவதற்கு நம் பகுதியில் வலுவான காரணம் ஆறுகள். 1989-ல் வந்த அரசாணை, பட்டியலிட்ட ஆறு, அணைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்களைத் தடுத்தது. 1998-ல் வந்த இன்னொரு ஆணை காவிரி, அதன் துணையாறுகள் உள்ளிட்ட சிலவற்றுக்கு அதை ஐந்து கிலோமீட்டர் ஆக்கியது. பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் காவிரியில் சேர்பவை. ஈரோடு, கரூர், திருப்பூர் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் எவ்வளவு நிலம் இந்த வட்டத்துக்குள் வரும் என்பது புரியும். சாயம், சலவை, முலாம் பூசுதல் போன்ற சிவப்புத் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இந்த விஷயத்தில் கறாராக இருப்பதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியாக ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. துளிக் கழிவும் வெளியேறாத முறைக்கு வந்த பின்பே ஆலைகள் திரும்ப ஓடின. அந்த மூடலில் பெரிய ஏற்றுமதியாளர்களை விட, கடன் வாங்கிச் சின்ன சாயப்பட்டறை போட்டவர்களே நொடித்துப் போனார்கள்.

நிறம் நிரந்தரமும் இல்லை. பொள்ளாச்சியில் தென்னை நார் தொழில் வெள்ளைப் பிரிவில் இருந்தது. 2021-ல் அதை ஆரஞ்சுக்கு மாற்றியதும் சிறிய நார் மில்காரர்கள் கொதித்துப் போனார்கள். நார்க்கழிவைக் கழுவும் தண்ணீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்பது ஒரு பக்கம், தண்ணீரே படாமல் நார் உரிப்பவருக்கும் அதே சட்டையா என்பது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விண்ணப்பிக்கும் நாளில் வாரியத்தின் பட்டியலில் உங்கள் தொழில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. "பனியன் தைப்பது" என்று எழுதினால் ஒரு நிறம், "பனியன் தைத்துச் சலவை செய்வது" என்று எழுதினால் வேறு நிறம். ஈரம் படாத பின்னலாடை வேலை வெள்ளை. செய்யாத வேலையை ஆசைப்பட்டு விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். செய்கிற வேலையை மறைக்கவும் வேண்டாம்.

மூன்றாம் படி: மின் இணைப்பை அளந்து வாங்குங்கள்

மின் வாரியம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டது, நமக்கு அது இன்னும் ஈபி ஆபீஸ்தான். சிறுதொழிலுக்கு மாதச் செலவில் அதிகம் கடிப்பது லைசென்ஸ் கட்டணம் இல்லை, மின் கட்டண வகை. குறுந்தொழிலுக்கான குறைந்த கட்டண வகை 12 கிலோவாட் வரைதான். ஒரு குதிரைத்திறன் சுமார் 0.746 கிலோவாட். அப்படிக் கணக்குப் போட்டால் 16 குதிரைத்திறன் வரை இந்த வகை. அதைத் தாண்டினால் பொதுத் தொழில் வகை. நிலைக் கட்டணம் கூடும், காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரையான உச்ச நேரக் கட்டணமும் சேரும். 2022 செப்டம்பரில் நிலைக் கட்டணம் ஏறிய பின் கோவை, திருப்பூர் சிறுதொழில் சங்கங்கள் விடாமல் குரல் கொடுத்தன. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கப் பட்டறைகளை அடைத்தார்கள். சில குறைப்புகள் கிடைத்தன.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, எல்லா மோட்டாரின் திறனையும் கூட்டிப் பாருங்கள். நாலு வருடத்துக்கு முன் விற்றுவிட்ட மெஷினுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மின்பளு இருந்தால் குறைக்க விண்ணப்பியுங்கள். ஓட்டாத மெஷினுக்கு மாதாமாதம் நிலைக் கட்டணம் கட்டுவது வீண். இரண்டு, வீட்டு இணைப்பில் பவர் டேபிள் (தொழில்முறைத் தையல் மெஷின்) ஓட்டாதீர்கள். ஒன்றிரண்டு மெஷின்தானே என்று தோன்றும். மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவு, அனுமதி இல்லாத பயன்பாட்டுக்கு இரட்டிப்புக் கட்டணம் போடச் சொல்கிறது. எப்போதிருந்து என்று நிரூபிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கு வரும். விசைத்தறிக்காரர்களுக்கு இரு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் 2023-லிருந்து இருக்கிறது. அதற்குத் தறிக்கான தனி இணைப்பு வேண்டும்.

நான்காம் படி: ஆள் கணக்கு

இந்த வழிகாட்டியில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். விதிகள் 5, 10, 20 என்ற எண்களில் கதவு திறப்பது போல வேலை செய்கின்றன. ஒருவர் கூடினால் புதிய கடமை, ஒருவர் குறைந்தால் விடுதலை என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் அதிகாரி எண்ணும்போது உங்கள் சம்பளப் பட்டியலை மட்டும் பார்க்க மாட்டார். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், வாரக்கூலிக்கு வருகிறவர், பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்து தைப்பவர் எல்லாரும் ஆள்தான்.

5 பேர் வந்துவிட்டால் தொழிலாளர் நல நிதி. ஆண்டுக்கு ஒரு தொழிலாளிக்கு அவர் பங்கு 20 ரூபாய், உங்கள் பங்கு 40 ரூபாய். டிசம்பர்க் கணக்கை ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். தொகை சின்னது என்பதாலேயே மறந்து போகும் ஒன்று இது. இந்த நிதியிலிருந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கிடைக்கிறது, அதனால் கட்டுவதோடு நிற்காமல் உங்கள் ஆட்களுக்கும் சொல்லி வையுங்கள்.

10 பேர் என்பதில்தான் அண்மை மாற்றம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் இருந்தே இருக்கிறது. ஆனால் பல மாநிலங்களில் இருந்த பதிவு முறை நம் மாநிலத்தில் இல்லை. 2018-ல் செய்த திருத்தம் 2024 ஜூலை 2-ல் நடைமுறைக்கு வந்தது. 10 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள கடை, நிறுவனம் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் படிவம் ஒய் மூலம் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 6 மாதம். இன்னும் பதியாதவர்கள் தள்ளிப்போட வேண்டாம். என் கணக்கில் இது பாரம் இல்லை. வங்கியும் பன்னாட்டு வாங்குபவரும் கேட்கும் "அரசுப் பதிவு" ஒன்று எளிதாகக் கையில் கிடைக்கிறது.

அதே 10 பேர் எல்லைதான் 24 மணி நேரமும் கடை திறக்கும் சலுகைக்கும். 2019-ல் தொடங்கி மூன்று மூன்று ஆண்டாக நீட்டித்து வருகிறார்கள், கடைசியாக 2025 ஜூனில். பேக்கரி, ஹோட்டல், ஜவுளிக்கடைக்காரர்கள் இதன் நிபந்தனைகளைப் படிக்காமல் ஷட்டரைத் திறந்து வைக்கிறார்கள். வாரம் ஒரு நாள் விடுப்பு சுழற்சியில் தர வேண்டும், யார் யார் விடுப்பு என்பதைத் தினமும் எழுதி மாட்ட வேண்டும், கூடுதல் நேரம் சேர்த்தாலும் ஒருவர் நாளொன்றுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது. பெண்கள் இரவு 8-க்கு மேல் வேலை செய்ய எழுத்து ஒப்புதல், பாதுகாப்பு, போக்குவரத்து மூன்றும் வேண்டும். 2021-ல் வந்த திருத்தப்படி எல்லாக் கடையிலும் உட்கார இருக்கை. கோவை ஒப்பணக்காரத் தெருவிலும் ஈரோட்டுச் சந்தையிலும் நாளெல்லாம் நின்ற பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை தெரியும்.

இன்னும் இருக்கிறது. 10 பேர் என்றால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் முறையிட ஒரு புகார்க் குழு. 20 என்றால் பிஎஃப், போனஸ்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மின்சாரத்தோடு 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற பழைய கணக்கு புதிய தொகுப்பில் 20 ஆகிறது. "இனி நம்ம பட்டறை ஃபேக்டரியே இல்லைங்க" என்று உடனே லைசென்ஸைக் கைவிடாதீர்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஃபேக்டரி லைசென்ஸிலிருந்து வெளியே வந்தால் கடைகள் சட்டத்தின் பதிவுக்குள் போக வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர் இல்லாத பட்டறை இப்போது திருப்பூரில் குறைவு. 2023-ல் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோ பரவி, ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பத் தயங்கிய பீதிக்குப் பின், வெளிமாநிலத் தொழிலாளர் விவரத்தைப் பதிய தொழிலாளர் துறை தனிப் பக்கம் வைத்திருக்கிறது. ஆதார் நகல் வாங்கி மேஜையில் வைத்தால் மட்டும் போதாது, அதில் ஏற்றுங்கள். பெண் தொழிலாளருக்கு விடுதி வைத்திருந்தால் 2014 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். மில் விடுதி, வாடகை வீட்டில் நடத்தும் விடுதி இரண்டுக்கும்தான்.

கடையின் முகப்பும் கல்லாவும்

இது சீக்கிரம் முடியும். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. இதையும் தொழிலாளர் துறையே பார்க்கிறது, பெயர்ப்பலகை பார்க்க வருகிறவரே தராசையும் பார்ப்பார். உணவு வியாபாரம் விதியில் சொன்ன ஆண்டு விற்பனை வரம்புக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, மேலே போனால் உரிமம். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறை பிளாஸ்டிக்கைக் கடையில் வைத்திருந்தால் அபராதம், எத்தனை முறை பிடிபடுகிறோம் என்பதைப் பொறுத்து ஏறும்.

சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாநிலத்துக்குள் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான். பல மாநிலங்களில் அது 50,000. பாலக்காட்டுக்குப் போனாலும் மாநிலம் தாண்டியாகிவிடும், அங்கே 50,000 கணக்குதான்.

விண்ணப்பத்தை எங்கே, எப்படிப் போடுவது

2018-ன் வணிக எளிமையாக்கல் சட்டம் வந்த பின், பல அனுமதிகளை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஒன்றாகப் போடலாம். சிறுதொழிலுக்கு வழிகாட்ட வேண்டியது மாவட்டத் தொழில் மையம். ஒவ்வொரு அனுமதிக்கும் நாள் கெடு உண்டு, சிலவற்றில் கெடு தாண்டினால் அனுமதி தந்ததாகவே கருதப்படும். இந்தச் சலுகையை நம்பி இருக்க வேண்டுமென்றால் விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும். ஒரு ஆவணம் குறைந்தால் "விளக்கம் கேட்கப்பட்டது" என்று வரும், கெடு அங்கே நின்றுவிடும். அதனால் போட்ட பின் வாரம் இருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இடைத்தரகரை வைக்கலாமா? இசைவாணைக்கு வரைபடம், நீர்க் கணக்கு போட ஆள் வைப்பது செலவுக்குத் தகும். கடைகள் சட்டப் பதிவு, உத்யம், உணவுப் பதிவு மூன்றுக்கும் வேண்டாம். உத்யம் முற்றிலும் இலவசம். யார் வைத்தாலும் கைபேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல் உங்களுடையதாக இருக்கட்டும். தரகர் எண்ணில் பதிந்துவிட்டு, புதுப்பிக்கும் நேரத்தில் அவரைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

கெடு தாண்டியும் அசையாவிட்டால், முதலில் தொழில் மையத்தின் பொது மேலாளருக்கு எழுத்தில், விண்ணப்ப எண்ணோடு. ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டக் குழுவில் தேங்கிய கோப்புகளைக் கேட்பார்கள். அப்புறம் 1100 என்ற முதல்வரின் உதவி எண். சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்கள் மூலமும் போகலாம், ஒரே பிரச்சினை பத்துப் பேருக்கு இருந்தால் அந்த வழியே வேகமானது.

ஆய்வுக்கு வந்தால்

அடையாள அட்டை கேளுங்கள், பெயர், நேரம் குறித்துக்கொள்ளுங்கள், கேட்ட பதிவேட்டைக் காட்டுங்கள். குறை சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, சரிசெய்ய நாள் கேட்டு எழுத்தில் பதில் கொடுங்கள். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் அன்றுவரை எழுதியிருந்தால் பெரும்பாலான ஆய்வு அரை மணியில் முடிந்துவிடும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கட்டாய விடுமுறை. அவை தவிர ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த நாளில் ஆர்டர் அவசரம் என்று ஓட்டினால், இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தந்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் வட்டம் போட வேண்டியவை

சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதச் சலுகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500-க்கு மேல் யாரும் கேட்க முடியாது. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. ஜனவரி 31 நல நிதி, மார்ச்சுக்குள் தொழில் உரிமம். இசைவாணை முடியும் தேதி நிறத்தைப் பொறுத்து மாறும், சிவப்புக்குத்தான் சீக்கிரம் முடியும், அதனால் அதைத் தனியாகக் குறியுங்கள்.

உத்யம் சான்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் குறுந்தொழில் என்றால் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. முன்பு சிறுதொழில் என்று வகைப்பட்ட பல நிறுவனங்கள் இப்போது குறுந்தொழிலுக்குள் வரும். சான்று இருப்பதில் பயன் இருக்கிறது: குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் அவர் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கட்டிய ஆண்டில்தான் காட்ட முடியும். ஜாப் ஒர்க் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். பணம் இழுத்தால் கோவையில் உள்ள வசதியாக்கல் குழுவுக்கு இணையத்திலேயே மனுப் போடலாம், அங்கே கேட்பதும் அந்த எண்ணையும், கையெழுத்தான டெலிவரி சலானையும்தான்.